கோட்டையூர் – காரைக்குடி தினமும் சைக்கிளில் வேலைக்கு: எந்த வண்டி, எவ்வளவு காற்று, முள்ளுக்கு என்ன வழி?

கோட்டையூர்_புதுசு

வணக்கம். வீடு கோட்டையூர், வேலை காரைக்குடி பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம். போக வர 12 கி.மீ. சொச்சம். காலை 9 மணிக்குள் உள்ளே இருக்கணும், மாலை 6-க்கு வெளியே. மடிக்கணினிப் பையும் சாப்பாடும் கூட வரும். கடையில் கியர் வண்டியைத்தான் காட்டுகிறார்கள், முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர், டிஸ்க் பிரேக். வீட்டு முகப்பில் 22 இஞ்ச் ஃபிரேம் கறுப்பு சைக்கிள் ஒன்று வருஷக்கணக்கில் சும்மா நிற்கிறது. புதுசு வாங்குவதா, பழசை ஓவராயில் பண்ணுவதா? அப்புறம் முள், வெயில், வேர்வை. தெரிந்தவர்கள் சொல்லுங்க.

காட்டர்பின்

தம்பி, அந்த ஷாக் அப்சார்பர் வண்டியை முதலில் மறந்துருங்க. மிதிக்கிற ஒவ்வொரு மிதியிலும் கொஞ்சம் பலத்தை அந்த ஸ்பிரிங் தின்றுவிடும். ஒரு வருஷத்தில் உள்ளே புஷ் தேய்ந்து பின்சக்கரம் இடவலமாக ஆடும், அதற்கு மாற்றுப் பொருள் இங்கே எந்தக் கடையிலும் தொங்காது. கியர் கேட்கிற மேடு நம்ம பக்கம் ஏது? குறுக்கே ஒரு ரயில்வே மேம்பாலம் வந்தால் இறங்கித் தள்ளினாலும் இரண்டு நிமிஷம்.

கறுப்பு வண்டியில் உங்கள் உயரம் பொருந்துகிறதா என்று பாருங்க. பாருக்கு மேலே கால் போட்டு இரண்டு பாதமும் தரையில் முழுசாகப் பதிய நிற்கணும், பாருக்கும் உடம்புக்கும் ஒரு இஞ்சாவது இடைவெளி இருக்கணும். இல்லையென்றால் 20 இஞ்ச் ஃபிரேம் பாருங்க. சீட்டு உயரத்துக்கு ஒரே கணக்கு: பெடல் கீழே இருக்கும்போது குதிகாலை அதில் வைத்தால் முழங்கால் நீட்டாக இருக்கணும். மிதிக்கும்போது முன்பாதம் வரும், அப்போது முழங்கால் லேசாக மடங்கும், அதுதான் சரி. ஊரில் பாதிப் பேர் சீட்டை இரண்டு இஞ்ச் தாழ்த்தி வைத்துக்கொண்டு முழங்கால் வலி என்கிறார்கள்.

வருஷக்கணக்கில் நின்ற வண்டி என்றால் எண்ணெய் விட்டு மட்டும் ஓட்டாதீங்க. உள்ளே கிரீஸ் காய்ந்து மெழுகாகியிருக்கும். கிராங்க் (பெடலைத் தாங்குகிற கை) அச்சு, முன் ஹப், பின் ஹப் (சக்கரத்தின் நடுக்குடம்), ஹேண்டில் நாலையும் பிரிக்கணும். பால்ஸ் (உள்ளே உருள்கிற இரும்புக் குண்டு) எல்லாமே புதுசு போடுங்க, அதில் மிச்சம் பிடிக்க ஒன்றுமில்லை. கிராங்க் அச்சுக்குக் கால் இஞ்ச் பால்ஸ் பக்கத்துக்கு 11, பின் ஹப்புக்கு அதே கால் இஞ்ச் பக்கத்துக்கு 9, முன் ஹப்புக்கு 3/16 இஞ்ச் பக்கத்துக்கு 10. கப்பில் (பால்ஸ் உட்காருகிற கிண்ணம்) கிரீஸ் அப்பி, பால்ஸை அதில் ஒட்டவைத்துப் பிறகு கோனை (பால்ஸை அழுத்திப் பிடிக்கிற கூம்பு நட்டு) இறக்கணும். கோனை முழுசாக இறுக்கிக் கால் சுற்று திருப்பிவிட்டு லாக் நட்டைப் பூட்டுங்க. சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தால் வால்வு இருக்கும் பக்கம் தன் எடையிலேயே கீழே இறங்கணும். அசையாமல் நின்றால் இறுக்கம். ரிம்மைப் பிடித்து ஆட்டினால் டக் டக்கென்றால் தளர்வு.

கோன், கப்பு இரண்டிலும் பால்ஸ் ஓடுகிற தடத்தை நகத்தால் தடவிப் பாருங்க. குழி தட்டுப்பட்டால் மாற்றியே ஆகணும். குழி விழுந்த கோனில் புதுப் பால்ஸ் போட்டு ஒரு பிரயோஜனமும் இல்லை.

பிரிக்கிறபோது மறையைக் கவனிங்க. இடதுபக்கப் பெடல் எதிர்மறை, அதாவது திருகுகிற திசை தலைகீழ். கழற்றுகிறோம் என்று அதை வழக்கம்போல் திருகி இறுக்கியே கிராங்கை நாசம் பண்ணிவிடுவார்கள்.

பல்சக்கரம்

அண்ணன் சொன்னதோடு ஒன்று. பெடல் பக்கத்துப் பல்சக்கரத்தின் பல்லையும் ஃப்ரீவீல் (பின்சக்கரத்துப் பல்சக்கரம்) பல்லையும் எண்ணிப் பாருங்க. பெரும்பாலும் முன்னால் 44, பின்னால் 18 இருக்கும். 28 இஞ்ச் சக்கரத்துக்கு இது ஒரு மிதிக்கு, அதாவது பெடல் ஒரு முழுச் சுற்றுக்கு, சுமார் 5.4 மீட்டர் கொண்டுபோகும். காற்றில்லாத காலையில் சுகம். எதிர்காற்றில் பையும் ஏற்றிக்கொண்டு போனால் தொடை கடுக்கும்.

ஃப்ரீவீலை 20 பல்லாக மாற்றுங்க. ஒரு மிதிக்கு 4.9 மீட்டர் ஆகும். நிமிஷத்துக்கு 60 மிதி மிதித்தால் மணிக்கு 17 கி.மீ.க்கு மேலேயே வரும், ஊருக்குள் அதற்கு மேல் எதற்கு? இரண்டு பல் கூடுவதால் செயின் நீளம் பத்தாமல் போகலாம். பின் அச்சை ஃபோர்க் வாயில் கொஞ்சம் முன்னுக்குத் தள்ளினால் சரியாகிவிடும், இல்லையென்றால் புதுச் செயின்தான்.

செயினை அளக்க ஸ்கேல் போதும். ஒரு ரிவிட்டின் நடுவிலிருந்து 24 கண்ணி எண்ணினால் சரியாக 12 இஞ்ச் வரணும். 12-க்கு மேல் அரைக்கால் இஞ்ச் (1/8) கூடியிருந்தால் செயின் முடிந்தது. அதற்கு மேலும் ஓட்டினால் பல்லையும் தின்றுவிடும், பிறகு புதுச் செயின் அந்தப் பழைய பல்லில் தாண்டும்.

செயினுக்குத் தேங்காயெண்ணெய் விடுகிற பழக்கம் வேண்டாம். நம்ம செம்மண் புழுதி அதில் ஒட்டிக் களிம்பாகி, உப்புத்தாள் போலத் தேய்க்கும். மெல்லிய மெஷின் ஆயிலைக் கண்ணிக்கு ஒரு சொட்டு விட்டு, பெடலைப் பின்னுக்குச் சுற்றி, வெளியே வழிவதை எல்லாம் துணியால் துடைத்துவிடுங்க. எண்ணெய் உள்ளே இருந்தால் போதும், வெளியே பளபளக்க வேண்டியதில்லை.

கோட்டையூர்_புதுசு

நன்றி அண்ணே. பல் எண்ணிப் பார்த்தேன், 44-க்கு 18தான். டயர் 28 x 1½ என்று போட்டிருக்கிறது, ஓரத்தில் வெடிப்பு வெடிப்பாக இருக்கிறது.

முள்ளெடுப்பான்

வெடித்த டயரைத் தூக்கிப் போடுங்க, இரண்டும் புதுசு வேண்டும். இனி முள்ளுக்கு வருவோம். நம்ம பக்கத்தில் சைக்கிளை விட்டு ஆட்களை விரட்டியது தூரமில்லை, சீமைக்கருவேலம்தான்.

எப்போது முள் அதிகம் என்று தெரிந்துகொண்டால் பாதி வேலை முடிந்தது. புதர் பச்சையாக நிற்கும்போது அவ்வளவு தொந்தரவில்லை. ரோட்டோரம் வெட்டிப்போட்ட பிறகு மூன்று நாலு வாரம், விறகும் கரிமூட்டத்துக் கட்டையும் ஏற்றிய டிராக்டர் போன தடம், மழை வெள்ளம் ஓரத்தில் குப்பையை ஒதுக்கிவிட்டு வடிந்த மறுநாள், இந்த மூன்றில்தான் பஞ்சர் குவியும். அப்போதெல்லாம் தார் ரோட்டின் வெள்ளைக்கோட்டுக்கு உள்பக்கமாகவே போங்க. மண் ஓரத்தில் இறங்குவது கடைசி வழி.

டயரில் முள் குத்தி நிற்பது தெரிந்தால், காற்று இறங்காதவரை அதைப் பிடுங்காதீங்க. முள்ளே அடைப்பாக நிற்கும், வீடு வரைக்கும் வந்துவிடலாம். பிடுங்கினால் அங்கேயே உட்கார வேண்டியதுதான்.

ஓட்டை எங்கே இருக்கிறது என்பதே காரணத்தைச் சொல்லிவிடும். அதனால் டியூபை எடுப்பதற்கு முன்னால் வால்வுக்கு நேரே டயரில் சாக்கட்டியால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்க. தரைப்பக்கம் ஒற்றை ஓட்டை என்றால் முள் அல்லது கம்பி, அதே இடத்தில் டயரிலும் தேடணும். ரிம்பக்கம் ஓட்டை என்றால் போக்ஸ் கம்பியின் நுனி நிப்பிளை (ரிம்மில் கம்பியைப் பிடிக்கிற சின்ன நட்டு) தாண்டி நீட்டிக்கொண்டிருக்கிறது, அல்லது ரிம் நாடா நகர்ந்துவிட்டது. பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கீறல் என்றால் காற்றுக் குறைவாக ஓட்டிப் பள்ளத்தில் இடித்திருக்கிறது. வால்வு அடியில் கிழிந்திருந்தால் அதுவும் காற்றுக் குறைவுதான், டியூப் ரிம்முக்குள் நகர்ந்து வால்வை இழுத்திருக்கும். அந்த இடத்தில் ஒட்டு நிற்காது, புது டியூப்தான்.

ஒட்டுப் போடுகிற முறையில்தான் எல்லாரும் அவசரப்படுகிறார்கள். ஒட்டைவிட ஒரு விரல் அகலம் கூடுதலாக உப்புத்தாளால் தேய்த்து மினுமினுப்பு போகணும். சொல்யூஷன் (ரப்பர் பசை) மெல்லிசாக ஒரு பூச்சு. பிறகு 5 நிமிஷம் சும்மா இருக்கணும். தொட்டால் விரலில் வரக்கூடாது, பளபளப்பு மங்கியிருக்கணும். ஈரமாக இருக்கும்போதே ஒட்டை வைத்தால் உள்ளே ஆவி மாட்டிக்கொண்டு இரண்டு நாளில் ஓரம் தூக்கும். ஒட்டை நடுவிலிருந்து ஓரத்துக்கு அழுத்தி, மேலே கொஞ்சம் முகப் பவுடர் தூவி, தண்ணீரில் வைத்துப் பார்த்துவிட்டு மாட்டுங்க.

மாட்டுவதற்கு முன் டயரின் உள்பக்கத்தைப் பஞ்சால் தடவுங்க. விரலால் வேண்டாம், கிழித்துவிடும். ஒடிந்த முள் நுனி இருந்தால் பஞ்சு அதில் மாட்டும். கருவேல முள் வெளியே தெரியாமல் டயரின் தடிப்புக்குள்ளேயே ஒடிந்து நிற்கும், வண்டியில் உட்கார்ந்தால்தான் உள்ளே எட்டிப்பார்க்கும். ஒட்டுப் போட்டும் மூன்றாம் நாள் அதே இடத்தில் பஞ்சர் என்று புலம்புவதெல்லாம் இதுதான். வெளியிலிருந்து டயரை மடக்கி விரித்துப் பார்த்துக் குறட்டால் பிடுங்கணும்.

கண்டனூர்_வாசி

டயருக்குள் பழைய டயரையே வெட்டிப் போட்டால் முள் ஏறாதே? இங்கே பால்காரர்கள் எல்லாரும் அப்படித்தான் போடுகிறார்கள்.

முள்ளெடுப்பான்

போடலாம், ஆனால் ஓட்டம் கனக்கும். இரண்டு பக்கக் கம்பியையும் வெட்டியெடுத்து ஓரத்தைச் சாய்வாகச் சீவணும். நறுக்கென்று வெட்டிய ஓரமே டியூபை அறுத்துவிடும். இரண்டு முனை சேருகிற இடத்தில் ஒன்றின்மேல் ஒன்று ஏறினால் சக்கரம் ஒரு சுற்றுக்கு ஒரு தடவை குதிக்கும்.

பால் கேன் 40 லிட்டர் ஏற்றுகிறவருக்கு அது சரி. மடிக்கணினிப் பைக்குப் பழைய டியூபே போதும். நீளவாக்கில் வெட்டி, வால்வை நீக்கி, பவுடர் தூவி, டயருக்கும் டியூபுக்கும் நடுவே தரைப்பக்கம் விரியுங்க. பின்சக்கரத்துக்கு மட்டும் போட்டாலும் போதும். முன்சக்கரம் கிளப்பிவிடுகிற முள்தான் அடிக்கடி பின்சக்கரத்தில் ஏறும், எடையும் அங்கேதான் அதிகம்.

பஞ்சர் ஜெல் பற்றிக் கேட்பதற்கு முன்னாலேயே சொல்லிவிடுகிறேன். நம்ம பழைய சைக்கிள் வால்வில், அதுதான் உள்ளே வால்டியூப் ரப்பர் மாட்டுகிற வால்வு, அதில் ஜெல் சரிப்படாது, ரப்பரிலேயே ஒட்டிக்கொண்டு அடைத்துவிடும். பைக் மாதிரி வால்வு உள்ள டியூபில்தான் விடலாம். பிறகு அந்த டியூபில் கை ஒட்டுப் போடணும் என்றால் ஜெல்லைச் சுத்தமாகத் துடைத்துக் காயவைத்தால்தான் சொல்யூஷன் பிடிக்கும்.

கோட்டையூர்_புதுசு

காற்று எவ்வளவு வைக்கணும்? வெயிலில் நிறுத்தினால் டியூப் வெடிக்கும், குறைத்து வை என்கிறார்கள்.

பல்சக்கரம்

குறைத்து வைக்காதீங்க. 28 x 1½ டயருக்கு முன்னால் 45 பவுண்டு (psi), பின்னால் 50 முதல் 55. கணக்குப் போட்டுப் பாருங்க: காலையில் 28 டிகிரியில் 50 பவுண்டு அடித்த டயர், மத்தியான வெயிலில் 60 டிகிரி வரை சூடேறினாலும் அழுத்தம் ஏறுவது 7 பவுண்டு போல. நல்ல டயருக்கு அது ஒன்றுமே இல்லை.

வெடிப்பது வெயிலால் மட்டுமில்லை. சூட்டில் சொல்யூஷன் இளகிப் பழைய ஒட்டு நழுவும், வால்டியூப் ரப்பர் இளகிக் காற்று கசியும். டயர் ஓரத்தில் நூல் தெரிகிற இடம் இருந்தால் அங்கே டியூப் முட்டைபோல் பிதுங்கி வெடிக்கும். ஆக, வெயிலில் வெடித்தால் டயரைச் சந்தேகப்படுங்க. வால்டியூப் ரப்பர் சில்லறைக் காசு சாமான். ஆறு மாசத்துக்கு ஒரு தடவை மாற்றிவிட்டு, பையில் நாலு துண்டு போட்டுவையுங்க. மெல்ல மெல்லக் காற்று இறங்குகிற வண்டியில் முதலில் வால்வில் எச்சில் தொட்டுப் பாருங்க, குமிழி வந்தால் பஞ்சரே இல்லை.

பிரேக்கட்டை

எல்லாரும் கறுப்பு வண்டிக்கு மாலை போடுகிறீர்கள், பிரேக்கைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லையே. கேபிளுக்குப் பதில் இரும்புக் கம்பி இழுக்கிற கம்பி பிரேக்கும் இரும்பு ரிம்மும் மழையில் எதற்கு ஆகும்? ஐப்பசி அடைமழையில் அந்த வண்டியோடு நூறடி ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் போய்ப் பாருங்க. பிரேக்கைப் பிடித்தால் முதலில் தண்ணீர் வழிக்கும், அப்புறம்தான் வண்டி யோசிக்கும். கியர் இல்லாத, ஷாக் அப்சார்பர் இல்லாத, அலுமினிய ரிம் போட்ட 26 இஞ்ச் சக்கர வண்டி கிடைக்கிறது. அதை வாங்கினால் டயரும் எங்கும் கிடைக்கும், பிரேக்கும் பிடிக்கும்.

காட்டர்பின்

மழையைப் பொறுத்தவரை நீங்க சொல்வதை மறுக்க முடியாது. ஆனால் இந்தப் பிரேக் பிடிக்காததற்கு பாதிக் காரணம் சக்கரம். கம்பி பிரேக்கின் கட்டை ரிம்மின் பக்கவாட்டில் பிடிப்பதில்லை, அச்சுப் பக்கத்திலிருந்து வெளியே பார்த்து ரிம்மின் உள்வட்டத்தில் மேல்நோக்கிப் பிடிக்கும். அதனால் சக்கரத்தின் இடவலக் கோட்டம் (கோணல்) எடுத்தால் மட்டும் போதாது, மேல்கீழ்க் கோட்டமும் எடுக்கணும். பெரும்பாலும் இதை யாரும் செய்வதில்லை. ரிம் முட்டைவட்டமாக இருந்தால், ஓரிடத்தில் கட்டை உரசக்கூடாதே என்று எல்லா இடத்திலும் தள்ளி வைத்துவிடுகிறார்கள்.

மேல்கீழ்க் கோட்டம் எடுத்துவிட்டு, கட்டைக்கும் ரிம்முக்கும் 2 மில்லிமீட்டர் இடைவெளி வையுங்க. நாலு கட்டையும் ஒரே நேரத்தில் தொடணும். முன்சக்கரத்தில் 32 போக்ஸ் கம்பி, பின்சக்கரத்தில் 40. கோட்டம் எடுக்கும்போது நிப்பிளைக் கால் சுற்றுக்கு மேல் ஒரே தடவையில் திருகாதீங்க. மழையில் நிறுத்தவேண்டிய இடத்துக்கு இருபது முப்பது அடி முன்னாலேயே பிரேக்கை லேசாகத் தொட்டு ரிம் ஈரத்தை வழித்துவிட்டு, பிறகு அழுத்துங்க.

பிரேக்கட்டை

அதெல்லாம் சரி, குறுக்கே ஆடு வந்தால் இருபது அடி முன்னாலேயே யார் சொல்லுவார்கள்? முன்சக்கரத்தையாவது அலுமினிய ரிம், கேபிள் பிரேக்குக்கு மாற்றச் சொல்லுங்க. நிறுத்துகிற பலத்தில் பெரும்பங்கு முன்சக்கரம்தான். சரளை கிடக்கிற திருப்பத்தில் மட்டும் முன்பிரேக்கைத் தொடாதீங்க. மழைக்குப் பிறகு செம்மண் சந்திலிருந்து ஓடிவந்த சரளை தார் ரோட்டில் சின்னக் கோலிக்குண்டு போல விரிந்து கிடக்கும். அங்கே திரும்புவதற்கு முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு, திரும்பும்போது பிரேக், மிதி இரண்டையும் விட்டுருங்க.

பள்ளத்தூர்_ஆச்சி

இவ்வளவு பேசியும் ஆம்பளைகள் வண்டியாகவே பேசுகிறீர்கள். வேலைக்குப் போகிற பெண்கள் படிக்கட்டும் என்று எழுதுகிறேன்.

பார் இல்லாத வண்டி, முழுச் செயின் கவர், பின்சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் சேலை கார்டு. வலை மட்டும் போட்டது போதாது. துப்பட்டா வலையின் மேல்விளிம்புக்கும் மட்கார்டுக்கும் நடுவில்தான் நுழையும், அந்த இடைவெளியைப் பாருங்கள். துப்பட்டாவைத் தோளில் குறுக்காகப் போட்டு இடுப்பில் முடிச்சுப் போட்டால் தொல்லை இல்லை. சேலை என்றால் முந்தானையை இடுப்பில் சொருகி, கொசுவத்தை இரண்டு விரல் தூக்கிக் கட்டினால் பெடலில் மாட்டாது.

முன்கூடையில் 3 கிலோவுக்கு மேல் வைக்காதீர்கள், ஹேண்டில் தானாகத் திரும்பும். தூக்குச்சட்டியைப் பின் கேரியரில் நிமிர்த்தி வைத்து, பழைய டியூபை நீளமாக வெட்டிய வாரால் எட்டுப்போல் சுற்றிக் கட்டினால் குழம்பு சிந்தாது. மடிக்கணினியைக் கேரியரில் கட்டாதீர்கள் தம்பி, அதிர்ச்சி நேராக ஏறும். முதுகுப் பை அல்லது கேரியரின் பக்கவாட்டில் தொங்குகிற பை, அடியில் ஒரு பழைய துண்டு.

நம்ம வீடுகளில் திண்ணைப் படி நாலு ஐந்து இருக்கும். ஓர் அடி அகலப் பலகையைப் படிமேல் சாய்வாகப் போட்டால் வண்டியைத் தூக்கவேண்டாம். முகப்பில் ஆத்தங்குடிக் கல் (பூப்போட்ட தரைக் கல்) என்றால் ஸ்டாண்டுக்கு அடியில் ரப்பர் துண்டு மாட்டுங்கள். ஸ்டாண்டை இழுத்த கோடு அந்தப் பூவில் விழுந்தால் ஜென்மத்துக்கும் போகாது. ஈரச் சக்கரத்தோடும் ஏற்றாதீர்கள், ஏற்றுகிற ஆளே வழுக்கி விழுவார்.

காட்டர்பின்

ஆச்சி சொன்ன ரப்பர் துண்டுக்குப் பழைய பிரேக் கட்டையே நல்லாப் பொருந்தும்.

குன்றக்குடி_மேற்கு

காற்றைப் பற்றி. ஆடியில் அடிப்பது மேற்குக் காற்று. காலையில் சாதுவாக இருக்கும், பத்து மணிக்கு மேல் வேகம் பிடித்து மாலையில்தான் முழுசாக வீசும். மணிக்கு 15 கி.மீ.யில் போகிறவருக்கு 15 கி.மீ. எதிர்காற்று என்றால், காற்று தடுக்கிற பலம் இரட்டிப்பு இல்லை, நாலு மடங்கு. அந்த நேரத்தில் வேகத்தை மணிக்கு 10-க்கு இறக்கிவிட்டுப் பேசாமல் மிதிப்பதுதான் வழி.

கேள்வி கேட்டவருக்குப் பாதை ஏறக்குறைய வடக்கு தெற்கு. அதனால் காற்று பக்கவாட்டில் வரும். எதிர்காற்றைவிட அதில்தான் கவனம் வேண்டும். காற்றடிக்கிற பக்கமாக லாரி ஒட்டிக் கடக்கும்போது ஒரு கணம் காற்று நின்றுவிடும், சாய்ந்து ஓட்டிக்கொண்டிருந்த வண்டி லாரிப் பக்கமாகவே இழுக்கும். லாரி தாண்டியதும் காற்று மறுபடி அறையும். லாரிச் சத்தம் கேட்டதுமே ஹேண்டிலைத் தளர்வாகப் பிடித்து, ஓரத்திலிருந்து ஒரு மீட்டர் இடம் வைத்துக்கொள்ளுங்க. ஓரத்தை ஒட்டியே போனால் ஆட இடமிருக்காது.

குன்றக்குடியிலிருந்து காரைக்குடிக்கு வேலைக்கு வருகிறவர்களுக்கு வேறு சங்கடம். காலையில் கிழக்கே பார்த்து, மாலையில் மேற்கே பார்த்து, இரண்டு நேரமும் சூரியன் கண்ணில். பின்னால் வருகிற கார்க்காரருக்கும் அதே சூரியன்தான் கண்ணில், உங்களை அவருக்குத் தெரியாது. அந்தப் பாதைக்குப் பகலிலும் பின்னால் சிவப்பு விளக்கு மினுக்கிக்கொண்டே இருக்கட்டும். தை மாசம் பழனிப் பாதயாத்திரைக்காரர்கள் இருட்டில் ஓரமாக நடந்து வருவார்கள், முன்விளக்கு ஐந்தாறு மீட்டர் முன்னால் தரையில் விழும்படி சாய்த்து வையுங்க. எதிரே வருகிறவர் முகத்தில் அடிக்கிற விளக்கால் உங்களுக்கும் ரோடு தெரியாது, அவருக்கும் தெரியாது.

செக்காலை_சந்து

ஊருக்குள் வழி. பெரிய ரோட்டிலேயே வரணும் என்று கட்டாயமில்லை. நம்ம வீதிகள் கட்டம் கட்டமாகப் போட்டவை. ஒரு வீட்டுக்கு முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். பின்வாசல் தெருவில் கடை கிடையாது, வாகனம் குறைவு. பெரிய ரோட்டுக்கு இணையாக அப்படியே நூல்பிடித்த மாதிரி வந்துவிடலாம்.

ஆனால் முச்சந்தி நாற்சந்தி ஒவ்வொன்றிலும் பெல் அடிக்கணும். இங்கே மதில் மூலை வரைக்கும் ஆள் உயரத்துக்கு மேலே நிற்கும், குறுக்கே வருகிற பைக் சக்கரம் தெரிகிறபோது அது உங்கள் முன்னாலேயே இருக்கும். மூலைக்கு மூலை சாக்கடைமேல் போட்ட கல்லில் இடுக்கு இருக்கும், சக்கரம் நேராக இறங்கினால் ரிம் வளையும். குறுக்காகக் கடங்க. ரயில் தண்டவாளத்துக்கும் அதே விதி, செங்குத்தாகக் கடக்கணும், மழையில் இறங்கித் தள்ளணும்.

திங்கட்கிழமை சந்தை நாள், அன்றைக்கு சந்தைப்பக்கம் வழி வைக்காதீங்க. மாசி பங்குனியில் முத்துமாரியம்மன் பால்குடம் நடக்கிற நாட்களில் மீனாட்சிபுரம் பக்கமும் அப்படித்தான். தை, மாசியில் கிராமத்து ரோட்டில் கதிர் காயப்போட்டிருப்பார்கள். அதன்மேல் ஏற்றினால் வைக்கோல் ஃப்ரீவீலில் சுற்றிக்கொண்டு சக்கரமே நின்றுவிடும். உருட்டிக்கொண்டு போங்க.

புதுவயல்_உமி

மில் பக்கம் போகிறவர்கள் கண்ணாடி போடுங்க, வெள்ளைக் கண்ணாடி. உமி கண்ணில் விழுந்தால் கசக்காமல் தண்ணீரில் கண்ணைத் திறந்து அலசுங்க.

மின்கலம்

எலக்ட்ரிக் சைக்கிளையும் ஒரு பேச்சுக்குச் சொல்லிவிடுகிறேன். மோட்டார் 250 வாட்டுக்குள், வேகம் மணிக்கு 25 கி.மீ.க்குள் என்றால் பதிவு எண்ணும் லைசென்ஸும் வேண்டாம். 36 வோல்ட், 7.5 ஆம்பியர்-மணி பேட்டரி என்றால் 270 வாட்-மணி. மிதிக்காமல் திருகிக்கொண்டே போனால் கிலோமீட்டருக்கு 10 முதல் 12 வாட்-மணி செலவாகும். கேட்டவருக்கு ஒரு நாளைக்கு அதிகமாகப் போனால் 150 வாட்-மணி, பாதிக்குச் சற்று மேல். எதிர்காற்று நாளையும் சேர்த்தே தாங்கும்.

பேட்டரிக்கு எமன் சூடுதான். 45 டிகிரிக்கு மேல் சார்ஜ் ஏற்றக்கூடாது. மத்தியானம் வெயிலில் நின்ற வண்டியை வந்ததும் சார்ஜில் போடாமல், பேட்டரியைக் கழற்றி நிழலில் ஒரு மணி நேரம் ஆறவிட்டுப் போடுங்க. கழற்ற முடியாத பேட்டரி உள்ள வண்டியை வாங்கவே வாங்காதீங்க. மின்வேதியியல் ஆராய்ச்சிக்கென்றே 1953-லிருந்து நிலையம் நடக்கிற ஊர் இது. இங்கேயே பேட்டரியை வெயிலில் வேகவைக்கிறார்கள், வேறு என்ன சொல்ல.

பிரேக்கட்டை

எலக்ட்ரிக்குக்கும் முள் அதே முள்தான் அண்ணே. பின்சக்கரத்தில் மோட்டார் இருந்தால் ஒரு பஞ்சருக்கு ஒயர் கழற்றி, நட்டு கழற்றி, அரைநாள்.

மின்கலம்

சக்கரத்தைக் கழற்றாமலே ஒரு பக்கம் டயரை நெம்பி டியூபை வெளியே இழுத்து ஒட்டலாமே. ஓட்டை எங்கே என்று தெரிந்தால் பத்து நிமிஷ வேலை. புது டியூப் போடுவதற்குத்தான் சக்கரம் கழற்றணும்.

பள்ளத்தூர்_ஆச்சி

வேர்வைக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. காலை 7:45-க்குக் கிளம்பினால் 8:15-க்கு வந்துவிடலாம். வந்தவுடன் சட்டை மாற்றாதீர்கள். இறங்கிய பிறகும் பத்து நிமிஷம் உடம்பு சூடு விட்டுக்கொண்டிருக்கும், மாற்றிய சட்டையும் நனையும். விசிறிக்குக் கீழே உட்கார்ந்து ஆறி, ஈரத் துண்டால் கழுத்து, கக்கம், முதுகு துடைத்து, பிறகு மாற்றுங்கள். வருகிறபோது பருத்திப் பனியன் போதும். வேலைச் சட்டையை மடிக்காமல் துண்டோடு சேர்த்துச் சுருட்டினால் கசங்காது. முதுகுப் பை போட்டால் முதுகு நனைவது நிச்சயம், அதனால்தான் பக்கவாட்டுப் பை சொன்னேன். சித்திரை, வைகாசியில் கிளம்புமுன் ஒரு செம்பு நீராகாரம், வழிக்கு அரை லிட்டர் உப்புப்போட்ட மோர்.

கோட்டையூர்_புதுசு

எல்லாருக்கும் நன்றி. கறுப்பு வண்டியையே எடுக்கிறேன், முன்னால் அலுமினிய ரிம்மும் கேபிள் பிரேக்கும். ஒரு சந்தேகம் மட்டும்: மிதிக்கும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு தடவை ‘டக்’ என்கிறது. புதுப் பால்ஸ் போட்டால் போய்விடுமா?

காட்டர்பின்

போகாது தம்பி, அது என் பெயர்தான். சுற்றுக்கு ஒரு தடவை டக் என்றால் காட்டர் பின், அதாவது கிராங்கை அச்சோடு பிடிக்கிற ஆணி, தேய்ந்திருக்கிறது. கிராங்கைக் கையால் முன்னும் பின்னும் ஆட்டிப் பாருங்க, அச்சு அசையாமல் கிராங்க் மட்டும் அசைந்தால் சந்தேகமே இல்லை. இரண்டு பின்னையும் சேர்த்து மாற்றுங்க. ஒன்று மேலிருந்து நுழைந்தால் மற்றது கீழிருந்து நுழையணும், ஒரே பக்கமாக இரண்டையும் போட்டால் இரண்டு கிராங்கும் ஒரே நேர்கோட்டில் நிற்காது.

அடிக்கும்போது கிராங்குக்கு அடியில் இரும்புக் குழாய்த் துண்டை முட்டுக்கொடுத்து, அதன் மறுமுனை தரையில் ஊன்றியிருக்கணும். முட்டு இல்லாமல் அடித்தால் அடி முழுக்கப் புதுப் பால்ஸ்மேலும் கப்புமேலும் இறங்கும், ஓவராயில் பண்ணின காசு வீண். நட்டைத் திருகிப் பின்னை உள்ளே இழுக்காதீங்க, மறை வழுக்கிவிடும். சுத்தியலால் இறக்கிவிட்டு நட்டைப் பூட்ட மட்டும் போடுங்க. இரண்டு நாள் ஓட்டினதும் மறுபடி முட்டுக் கொடுத்து ஒரு அடி, நட்டு கால் சுற்று. கடைக்காரர் இந்த இரண்டாவது அடிக்குக் கூப்பிட மாட்டார், நீங்களாகத்தான் போய் நிற்கணும்.